ஒன்றரை அங்குலம்

பூனையை விரட்டப் போய்க் கால் போனது. பக்கத்து வீட்டுப் பூனை. காய வைத்திருந்த கருவாட்டில் வாய் வைத்தது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் இறங்கினேன், அவ்வளவுதான். இருபது வருடமாக முட்டி தேய்ந்து, படியைப் பார்த்தாலே பெருமூச்சு விடுகிறவள், எண்பத்தைந்து வயதில் பூனையோடு ஓட்டப்பந்தயம் வைக்கலாமா என்று மகன் கேட்டான். கேட்டது நியாயம்தான். ஆனால் வலியில் கிடக்கிறவளிடம் நியாயம் பேசுகிறவனை என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு ஆம்புலன்சைக் கூப்பிடு என்றேன்.

ஆயர் குரோ பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முட்டிக்குச் சற்று மேலே, தொடை எலும்பு அகலமாகி முடிகிற இடத்தில், மூன்று துண்டு. டாக்டர் இளம் மலாய்க்காரர். என் மூத்த பேரனைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். என்னிடம் பேசாமல் மகனிடம் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அதனாலேயே எனக்குப் பிடித்துவிட்டது. படத்தை என் முகத்துக்கு நேரே திருப்பி வைத்து மலாயில் விளக்கினார்.

என் எலும்பு நனைந்த பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டதாம். தகடு வைத்து முறுக்கினாலும் திருகாணி பிடிக்காது, பிடித்தாலும் மூன்று மாதம் அந்தக் காலை ஊன்றக் கூடாது. இந்த வயதில் மூன்று மாதம் படுத்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், அப்புறம் எழுந்திருப்பேனா என்பதே சந்தேகம். எலும்பு கூடினாலும் முட்டி தேய்ந்தது தேய்ந்ததுதான். அதனால் உடைந்த நுனியையும் தேய்ந்த முட்டியையும் சேர்த்தே எடுத்துவிட்டு, கதவுக் கீல் மாதிரி மடங்குகிற உலோக முட்டி ஒன்றைப் பொருத்திவிடலாம் என்றார். எல்லோருக்கும் இப்படிச் செய்வதில்லை, வயதாகி, முட்டியும் முன்பே கெட்டுப்போனவர்களுக்கு மட்டும்தான். உள்ளே கிருமி போனால் தொல்லை, மறுபடி திறக்க வேண்டிவரும் என்பதையும் மறைக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் மறுநாளே எழுப்பி நிற்க வைப்போம் என்றார்.

மறுநாளா என்று கேட்டேன். மறுநாள்தான் என்றார்.

மகன் தாள்களை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தான். என் நினைப்பு அங்கே இல்லை. இதே உடைப்பு, இதே இடம், இதே மாதிரி தேய்ந்த முட்டி. என் மாமியார் எத்தனை வாரம் கிடந்தார் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் எனக்குப் பத்தொன்பது வயது. புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டுகிறவரின் மகள். பங்குனியில் கல்யாணமாகி காஜா பெராங்குக்கு வந்தேன். கணவர் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர். பலகை வீடு, பின்னால் கொட்டகை, அதில் இரண்டு கறவை மாடும் ஒரு கன்றும். மாடுகள் என் மாமியாருடையவை. ஜப்பான்காரன் காலத்தில் மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு, பால் ஊற்றித்தான் மகளை உஜோங் பாசிரில் கட்டிக்கொடுத்தார், மகனை ஏழாவது வரை படிக்க வைத்தார். அதனால் அந்த வீட்டில் முதல் மரியாதை மாடுகளுக்கு. இரண்டாவது மகனுக்கு. நான் வரிசையிலேயே இல்லை.

நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். அவர் என்னோடு பேசமாட்டார் என்றில்லை. பேசுவார், மாட்டோடு பேசுகிற மாதிரி. நில்லு, தள்ளு, தண்ணி வை. ஐம்பத்தெட்டு வயதுக்கு இரண்டு முட்டியும் தேங்காய் மாதிரி வீங்கியிருக்கும். பால் கறக்கக் குந்தும்போது ஒரு சத்தம் வரும், எழும்போது இரண்டு வரும். காலையில் ஒரு தைலம், சாயங்காலம் சீனக் கடையில் வாங்கிய இன்னொரு தைலம். நான் தேய்த்துவிடுகிறேன் என்று ஒருநாள் போனேன். உனக்குக் கை பத்தாது என்று சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

புதுப்பெண்ணுக்கு முதல் ஆடி பிறந்தவீட்டில்தான். மாதம் பிறந்ததும் அப்பா தோட்டத்திலிருந்து சைக்கிளில் என்னை அழைக்க வந்தார். சம்பந்தி வந்துவிட்டார், வீட்டில் காப்பிக்குப் பால் இல்லை, காலையில் கறந்ததெல்லாம் வாடிக்கைக்குப் போய்விட்டது. அத்தைக்கு அது மானப்பிரச்சினை. சொம்பை எடுத்துக்கொண்டு, முட்டி வலியையும் மறந்து கொட்டகைக்கு வேகமாக நடந்தார். கன்றுக்குட்டியின் கயிறு குறுக்கே கிடந்தது. தடுக்கி விழுந்தார். நான் ஓடிப் போனபோது கால் முட்டிக்கு மேலே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் கொட்டகைக் கதவைக் கழற்றி, அதில் அவரைக் கிடத்தி, காய்கறி லோரி ஒன்றை நிறுத்தி ஏற்றினார்கள். அத்தை சத்தம் போடவில்லை. சம்பந்திக்குக் காப்பி போடு என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

உஜோங் பாசிரிலிருந்து என் நாத்தனார் வந்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான். பன்னிரண்டு வருஷம் மாட்டோட கெடந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல, இவ வந்து நாலு மாசம் ஆகல. பிறகு தம்பியிடம், ஆடிக்குப் போகிறவளை எதற்குத் தடுக்கிறாய், போகட்டும், அவசரமில்லை, சாவகாசமாகக் கூட்டிக்கொள்ளலாம் என்றார். சாவகாசம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்திலேயே அப்படிச் சாவகாசமாக விடப்பட்டவள் ஒருத்தி இருந்தாள்.

நான் போகவில்லை. மாட்டை யார் கறப்பது, ஆஸ்பத்திரிக்கு யார் சோறு கொண்டுபோவது என்று கேட்டேன். அதுவரை ஒரு மடியைக்கூட நான் தொட்டதில்லை. ஒரு வாரம் மாடு என்னை உதைத்தது, இரண்டாவது வாரம் கொஞ்சம் பால் விட்டது.

அந்தக் காலத்தில் முட்டியை மாற்றுவதெல்லாம் யாரும் கேள்விப்படாதது. எலும்பு தானாகக் கூட வேண்டும், அதுவரை இழுத்துப் பிடித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். முட்டிக்குக் கீழே கால் எலும்பில் குறுக்காக ஒரு கம்பியைச் செருகினார்கள். கம்பியில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஒரு சக்கரத்தின் மேல் ஓட்டி, நுனியில் இரும்புத் தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். கால்மாட்டுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தியிருந்தார்கள். இரவும் பகலும் அந்த இரும்பு காலை இழுத்துக்கொண்டே இருக்கும். டாக்டருக்கு உதவியாளராகத் தமிழ் டிரெசர் ஒருவர் இருந்தார். முதல் நாளே எனக்கு விளக்கினார். தசை எலும்பை மேலே இழுக்கும், இரும்பு கீழே இழுக்கும், இரண்டும் சரியாக இருந்தால்தான் உடைந்த முனைகள் நேருக்கு நேர் நிற்கும், பன்னிரண்டு வாரம் ஆகலாம் என்றார். நான் நன்றாகத் தலையாட்டினேன். தலைக்குள் எதுவும் போகவில்லை. புருஷன் வீட்டில் இருப்பேனா மாட்டேனா என்கிற நினைப்புதான் உள்ளே நிறைந்திருந்தது.

சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை பார்க்க விடுவார்கள். காஜா பெராங்கிலிருந்து நடந்தே போய்விடுவேன். ஒரு கையில் டிபன் கேரியர், மறு கையில் எண்ணெய்ப் புட்டியும் சீப்பும். சீப்பு எதற்கென்றால், அத்தைக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. பாதி நரைத்தும் அடர்த்தி குறையவில்லை. மல்லாந்தே கிடந்ததில் முதல் வாரமே அது கயிறாகத் திரிந்துவிட்டது. தாதியரை நாங்கள் மிஸி என்போம். வார்டு மிஸி வந்து பார்த்துவிட்டு, பேன் வந்துவிடும், வெட்டிவிடலாம் என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அத்தை கண்ணை மூடியபடியே பதில் சொன்னார்.

“கால வேணும்னா வெட்டிக்கட்டும். முடில கை வெக்க வேணாம்னு சொல்லு.”

தினமும் வாரிப் பின்னிவிடுவதாக மிஸியிடம் நான் ஒப்புக்கொண்டேன். ஒருநாள் தவறினாலும் கத்திரிக்கோல்தான் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எதிர்க் கட்டில் அம்மாவுக்கு அப்படித்தான் ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் தலைமாட்டில் நின்று சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். நெற்றி நனைந்திருந்தது. வேர்வை என்று நினைத்தேன். பார்த்தால் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்குகிறது. முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது, வாயில் ஒரு முனகல் கிடையாது, தண்ணீர் மட்டும். சிக்கு வலிக்கிறதா அத்தை என்றேன். இல்லை, முட்டி என்றார். உடைந்த இடத்தைவிடத் தேய்ந்த முட்டியைத்தான் அந்த இரும்பு அதிகமாகப் பிடுங்குகிறது என்றார். அத்தனை நீளமாக அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

கால்மாட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அடங்காத மாட்டுக்குக் கழுத்தில் கட்டை கட்டித் தொங்கவிடுவோமே, அந்த மாதிரி இருந்தது எனக்கு. கால் உடைந்த மனுஷிக்கு இப்படி ஒரு தண்டனையா என்று கோபம் வந்தது. இரண்டு கையாலும் இரும்பைப் பிடித்து நாலு விரற்கடை மேலே தூக்கினேன். கயிறு தொய்ந்தது. அத்தை மூச்சை உள்ளே இழுத்து, நீளமாக வெளியே விட்டார். முகம் அப்படியே தளர்ந்தது.

“மகராசியா இரு” என்றார்.

நாலு மாதத்தில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் கட்டிலையே தூக்கியிருப்பேன். யாரும் என்னைத் தூக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் தூக்கினேன். இதை இங்கே எழுதிவைத்துவிடுகிறேன்.

மறுநாளும் தூக்கினேன். ஆனால் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் தலை வார முடியாது. கை இரண்டுதான். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். கட்டிலடியில் கிடந்த முக்காலியைக் கால்மாட்டுக்கு இழுத்து, அதன் மேல் டிபன் கேரியரை வைத்து, அதன் மேல் இரும்பை உட்கார வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. நான் நிதானமாக எண்ணெய் வைத்து வாருவேன், அவர் கண் சொருகிக் கிடப்பார். அந்த நேரத்தில் மிஸிமார் எங்கள் பக்கம் வருவது அரிது. நேரம் முடிகிற மணி அடிப்பதற்கு முன் இரும்பை மெதுவாக இறக்கிவிட்டு, கேரியரைத் திறந்து ரசஞ்சோறு ஊட்டுவேன். இதைச் செய்யலாமா என்று அத்தை ஒரே ஒரு முறை கேட்டார். ஒரு மணி நேரந்தானே அத்தை, மிச்ச நேரமெல்லாம் தொங்கத்தானே செய்கிறது என்றேன். படித்த டாக்டர் மாதிரி சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலில் எங்கள் காஜா பெராங் செட்டி அம்மா ஒருவர் இருந்தார். இடுப்பெலும்பு முறிந்தவர். செட்டிமார் கும்பிடுவது நம் மாரியம்மனை, வீட்டில் பேசுவதெல்லாம் மலாய். இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“ஜாங்ஙான், நாக். நாந்தி துலாங் லாரி.”

வேண்டாம் பிள்ளை, எலும்பு ஓடிவிடும் என்று அர்த்தம். எலும்புக்குக் கால் முளைத்தா ஓடும் என்று நான் தமிழில் அத்தையிடம் கேலி செய்தேன். அத்தையும் சிரித்தார். என் பேச்சுக்கு அவர் சிரித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டார். மிஸியிடம் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊர்க்காரி என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

வெள்ளைக்கார டாக்டர் வாரம் ஒருமுறை வருவார், காலையில்தான் வருவார். மூன்றாவது வாரம் எடுத்த படத்தில் எலும்பு கொஞ்சம் ஏறியிருந்ததாம். இரும்பு போதவில்லை என்று இன்னொரு தட்டைச் சேர்த்தார்கள். அத்தைக்கு வலி கூடியது. வலி கூடியதால் நான் நேரத்தைக் கூட்டினேன். நாலரைக்கு வார்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை முக்காலிதான். ஐந்தாவது வாரப் படத்தில் எலும்பு இன்னும் ஏறியிருந்தது. அவருக்குப் புரியவேயில்லை, மறுபடி ஒரு தட்டு. டாக்டர் காலையில் கூட்டுவார், நான் சாயங்காலம் இறக்கிவைப்பேன். அவரும் நல்லதுதான் செய்தார், நானும் நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

மெர்டேக்காவுக்கு முதல் நாள் ஊரே கொடியும் விளக்குமாக இருந்தது. என் கணவரின் பஸ்ஸுக்குக்கூட முன்னால் தோரணம் கட்டியிருந்தார்கள். அன்று நாத்தனாரும் உஜோங் பாசிரிலிருந்து வந்திருந்தார். நான் முக்காலியை இழுத்துக் கேரியரை வைத்தபோது, இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்டார். டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று வாய் கூசாமல் சொன்னேன். சரியென்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் விடுமுறை என்பதால் டாக்டர் அன்று சாயங்காலமே வார்டைச் சுற்ற வந்துவிட்டார். பின்னால் டிரெசர், அவருக்குப் பின்னால் மிஸி. என் கையில் சீப்பு, பின்னல் பாதியில். ஓடிப்போய் இறக்க நேரமில்லை.

டாக்டர் கால்மாட்டில் நின்று கேரியரையும் அதன் மேல் உட்கார்ந்திருந்த இரும்பையும் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஒரு கையால் இரும்பைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கேரியரை எடுத்து, என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். பிறகு இரும்பை மெல்ல விட்டார். அத்தையின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

யார் வைத்தது, எத்தனை நாளாக என்று டிரெசர் தமிழில் கேட்டார். நாத்தனார் எழுந்து நின்று என்னைப் பார்த்தார். வந்த நேரம் என்று சொன்னதற்கு அவருக்கு இதோ கையில் சாட்சி. டாக்டர் சொன்னார் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்தான் நான் அவரிடம் பொய் சொல்லியிருந்தேன். என் பெட்டி படுக்கையோடு புக்கிட் ரம்பாய் பஸ்ஸில் ஏறுவது கண் முன்னால் தெரிந்தது.

அத்தைதான் பேசினார்.

“நாந்தான் வெக்கச் சொன்னேன். வெக்கலன்னா சோறு திங்க மாட்டேன்னு அடம் புடிச்சேன். புள்ள என்ன பண்ணும்?”

டிரெசர் அதை இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் நீளமாக ஏதோ சொன்னார். டிரெசர் அதைச் சுருக்கிச் சொன்னார். எலும்பு ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அப்படியே கூட ஆரம்பித்துவிட்டது. இனி இழுத்தாலும் முழுதாக வராது, வந்தவரை லாபம், கால் குட்டையாகத்தான் போகும். நாத்தனார் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். பிறகு அம்மாவைத் திட்டினார். சின்னப்பிள்ளை மாதிரி அடம் பிடித்துக் காலைக் கெடுத்துக்கொண்டாயே, இவளையும் பொய் சொல்ல வைத்தாயே என்று திட்டினார். அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை, நானாகத்தான் செய்தேன் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அது வாய்வரை வந்தது. உள்ளே தள்ளிவிட்டு, பாதியில் நின்ற பின்னலைப் பின்னி முடித்தேன். இரும்பைத் தூக்கியதுகூட அறியாமை. வாயை மூடிக்கொண்டது அறிந்து செய்தது.

மெர்டேக்கா அன்று கணவர் படாங் திடலில் கூட்டத்தோடு நின்றார். நான் வார்டில் இருந்தேன். ரேடியோவைச் சுற்றி மிஸிமார் நின்றார்கள், செட்டி அம்மா சத்தத்தைக் கூட்டச் சொன்னார், வெளியே பட்டாசு வெடித்தது. கேரியரைத் தரையில் வைத்துவிட்டுத் தலை வாரினேன். இரும்பு தொங்கியது. அத்தை என் முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார், வாரி முடிக்கும்வரை விடவில்லை. எனக்கு எப்பத்தான் மெர்டேக்காவோ என்றார். செட்டி அம்மாவுக்கு அந்த ஒரு சொல் புரிந்தது. அவரும் சிரித்தார்.

அத்தை தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தார். இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. முட்டி கால்வாசிகூட மடங்காது, குந்தவே முடியாது. நகரத்துச் சீனச் செருப்புக்காரர் ஒருவர், பழைய டயரை வெட்டி அடுக்கி, இடது செருப்புக்கு உயரம் கொடுத்தார். அது தேயத் தேயப் புது டயர் ஒட்ட வேண்டும். நான்தான் எடுத்துக்கொண்டு போவேன். பென்சிலால் அடையாளம் போட்டு, ஒன்றரை அங்குலம் என்று ஒவ்வொரு தடவையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

பிறகு நான் மாடு கறந்தேன். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்று, கை பத்தாது, கை பத்தாது என்று திட்டினார். ஆனால் நாத்தனார் வரும்போதெல்லாம், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, மருமகளுக்குக் கறக்க வந்துவிட்டது, பால் கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். வந்த நேரம் என்கிற பேச்சு அப்படியே அமுங்கிப்போனது.

என் இரண்டாவது பிள்ளை பிறந்து எண்ணெய்க் குளியல் முடிந்த ஒருநாள், அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த வழக்கம், வீட்டிலும் நின்றுவிடவில்லை. முகம் பார்க்காமல் பேச அதுதான் தோது. அன்றைக்கு ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

“ஒன்ன வரக்கூடாதுன்னுட்டா யாரு தல வாருவா? அந்த மிஸி கத்திரிக்கோலோட நின்னா.”

காதோர முடியைத் தானே ஒதுக்கிவிட்டுக்கொண்டார். பிறகு, “நீ தூக்கினப்ப நல்லாத்தான் இருந்துச்சு” என்றார்.

அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததேயில்லை. அந்தக் காலோடு இருபத்திரண்டு வருடம் நடந்தார். ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு பக்கம் நிமிர்ந்து, பசாருக்கும் கோயிலுக்கும் நடந்தார். என் கணவருக்கும் தெரியாது, நாத்தனாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் இப்போது இல்லை.

எனக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாள் சொன்னபடியே ஒரு பெண் வந்து, நாலுகால் சட்டத்தைப் பிடிக்க வைத்து என்னை நிறுத்தினாள். வலித்தது. நிறையவே வலித்தது. நின்றேன். மூன்றாம் நாள் கட்டிலருகே எட்டு அடி நடந்தேன். அன்று சாயங்காலம் டாக்டர் வந்து, என்னை நேராகப் படுக்க வைத்து, இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால்வரை நாடா வைத்து அளந்தார். முதலில் ஒரு கால், பிறகு மறு கால்.

“சாமா பாஞ்சாங், ஆன்ட்டி” என்றார். ஒரே நீளம்.

இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன். சிரித்தார், ஆனால் அளந்தார். ஒரே நீளம்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாதாரணமாக நான் அழுகிறவள் இல்லை. மூக்கெல்லாம் ஒழுக அழுதேன். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, முக்காலியிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் அவரிடம் மலாயில் சொன்னேன். அறுபத்தாறு வருடத்தில் நான் சொன்ன முதல் ஆள் அவர். மகன் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் அப்போதுதான் கேட்கிறான்.

டாக்டர் யோசித்தார். அந்தக் கால வைத்தியத்தில் இரும்பைத் தொடாமலே இருந்தாலும் பலருக்குக் கால் குட்டையாகத்தான் போகும், உங்களால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். உங்களால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. நேர்மையான மனுஷன். நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தான். அவன் பாட்டியைப் பற்றிப் பேசியே வருடக்கணக்காகிறது.

“பாட்டி எங்ககிட்ட வேற மாதிரில்ல சொன்னாங்க” என்றான். “கால் ஏன் குட்டைன்னு நாங்க கேக்கறப்பல்லாம், கூடிட்டு வந்த எலும்ப அந்தக் கன்னுக்குட்டி திரும்பவும் மிதிச்சிருச்சுன்னு சொல்வாங்க.”

இது எனக்குத் தெரியாது. பேரப்பிள்ளைகளிடம்கூட அவர் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்திருக்கிறார். என் பிள்ளைகள் என்னை வந்து கேட்டுவிடக் கூடாது என்று.

அந்தக் கன்றை நான்தான் வளர்த்தேன். பிற்பாடு நன்றாகக் கறந்த மாடு. அது யாரையும் மிதித்ததில்லை.